கொட்டகலைச் சரிவில் ஒரு கராஜ்

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் காலையொன்றில் என்னுடைய மொரிஸ் மைனர் நகர மறுத்தது. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. வண்டி ஆறு வாரமாக அசையாமல் நின்றிருந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைக்கும் என்றானதும், டாங்கியின் அடியில் மிஞ்சியிருந்ததை நம்பி வண்டியைக் கிளப்பினேன். இயந்திரம் இரண்டாவது இழுப்பில் உயிர்பெற்றது, கியரும் விழுந்தது, ஆனால் பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் அறைந்தாற்போல் நின்றன. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே விட்டிருந்ததால், தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பிரேக் ஷூக்கள் டிரம்மோடு சேர்ந்து துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கரங்களைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டி அவற்றை விடுவிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இதற்கிடையில் பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்த அப்பா, அடியில் படர்ந்திருந்த பச்சைப் பூஞ்சணத்தைக் காட்டி, "இது கார் நிக்கிற எடமா, காளான் போடுற எடமா?" என்று கேட்டார்.

அதுவரை கனவுக் கராஜ் என்றால் என் மனத்தில் வேறொரு படம் இருந்தது. கைப்பேசியில் நான் சேமித்து வைத்திருந்த வெளிநாட்டுக் கராஜ்களின் தரைகள் கண்ணாடியாக மின்னின. கூரையில் தேன்கூட்டு வடிவில் விளக்குகள் எரிந்தன. இரண்டு தூண் லிப்டின் மேலே ஒரு வண்டி, கீழே இன்னொரு வண்டி, மூலையில் குளிர்சாதனப் பெட்டி, சுவரில் ஒளிரும் பெயர்ப்பலகை. அவற்றில் ஒன்றிலாவது மழை பெய்து நான் பார்த்ததில்லை. நுவரெலியா மாவட்டத்து மலையூரான எங்கள் கொட்டகலையிலோ வைகாசிக் கடைசி தொடங்கிப் புரட்டாசி வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும்; ஐப்பசி, கார்த்திகையில் மாலை தோறும் இடியோடு கொட்டும். இந்த ஊரில் கராஜ் கட்டுகிறவன் காரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது, எனக்கு அந்த டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தபோது உறைத்தது. நிலத்துக்கு அடியில் ஊறும் தண்ணீர், வானத்திலிருந்து விழும் தண்ணீர், காற்றிலேயே மிதக்கும் தண்ணீர் என்று மூன்று விதமான தண்ணீர். மூன்றாவதைத்தான் நான் கடைசியாகப் புரிந்துகொண்டேன்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம்மூரில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடம். "மகன் வீட்டிலேயே கராஜ் போடுறான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்ததன் விளைவாக, அத்திவாரம் வெட்டிய வாரத்திலேயே இரண்டு ஓட்டோக்காரர்கள் வந்து கிளட்ச் கேபிள் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வண்டி 1961ஆம் ஆண்டின் மைனர் 1000. 948 சீசீ இயந்திரம். தேயிலைத் தொழிற்சாலையை நடத்திவந்து ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். இந்தக் காருக்குத் தனியாக ஒரு சட்டகம் கிடையாது. தரைத்தகடும் பக்க விளிம்புகளும் குறுக்குத் தாங்கியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. முன்பக்க முறுக்குக் கம்பிகள் பற்றியிருக்கும் குறுக்குத் தாங்கியிலோ, பின்பக்க இலைவில் (லீப் ஸ்பிரிங்) கொளுவியிருக்கும் இடத்திலோ துரு விழுந்தால், வண்டியின் எலும்பிலேயே துரு விழுந்ததாகத்தான் பொருள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டு வரை அது நீடித்ததில், பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு முழு நாள் அலைந்தும் நேரான பின் மட்கார்ட் ஒன்று எனக்கு அகப்படவில்லை. மைனருக்கான உடற்பாகத் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு என்பதை நினைத்தால் சற்று எரிச்சலாகக்கூட இருக்கும். ஆகவே, இருக்கும் தகட்டைக் காப்பாற்றுவதே எனக்கு இருந்த ஒரே வழி.

எங்கள் காணி 12 பேர்ச். அதில் வீட்டுக்குப் போக மிஞ்சியது பின்பக்கச் சரிவு. நுவரெலியா மாவட்டத்தில் சரிவை வெட்டிக் கட்டுவதற்கு முன்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டைப் பெற்று, அதன் பிறகே பிரதேச சபைக்கு வரைபடம் கொடுக்க வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று சலித்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்த எவரும் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். வந்து பார்த்த அதிகாரி கேட்டவை எளிமையான கேள்விகள்: மேலேயிருந்து வரும் மழைநீர் எங்கே போகிறது, வெட்டிய மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள், மரங்கள் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஒன்றுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை.

முதல் வரைபடத்தில் நான் செய்திருந்த பெரிய தவறு, மண்ணைத் தாங்கும் சுவரையே கராஜின் பின்சுவராகவும் வைத்ததுதான். ஒரு சுவரின் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஏழடி உயரத்துக்கு மண் சாய்ந்திருக்கும் கருங்கற்சுவரின் மறுபக்கம் ஒருபோதும் காயாது. அதில் எந்தப் பெயின்டைப் பூசினாலும் கொப்புளித்து உதிரும். அதனால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி விட்டு, அதன் தரையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கான் வெட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே ஓடும் கான்கள்தான் நூறாண்டுக்கும் மேலாக அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் சுவருக்கு மேலே ஒரு கான் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்பா சொன்ன பிறகுதான் வெட்டினோம்.

தாங்குசுவரில் நான்கடிக்கு ஒன்றாக, வெளிப்புறம் சற்றே சாய்ந்தபடி, நீர் வடிவதற்குக் குழாய்கள் வைக்க வேண்டும் என்றும், சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு மெட்டல், அதாவது உடைகல், கொட்ட வேண்டும் என்றும் வரைபடத்தில் தெளிவாக எழுதியிருந்தது. முதலில் வேலையை ஏற்றவர் குழாய்களை வைத்தார். பிறகு சுவர் அழகாக இருக்கட்டும் என்று அவற்றின் வாய்களைச் சாந்தால் பூசி மூடிவிட்டார். மெட்டலுக்குப் பதிலாக வெட்டிய மண்ணையே பின்னால் தள்ளியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மழையில் சுவரின் நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது. ஒரு வாரத்தில் அதற்குள் ஒரு ரூபாய்க் குற்றியைச் செருகலாம் போலானது. இரண்டாவதாக வந்த மேசன் பாஸ், சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணு குடிச்ச தண்ணிய எங்கயாவது கக்கணும் சார். வாய அடைச்சிட்டா செவுத்தத்தான் தள்ளும்." உளியை வைத்துப் பூச்சை உடைத்ததும் முதல் குழாயிலிருந்து செம்மண் தண்ணீர் அவருடைய நெஞ்சில் பீச்சியடித்தது. பின்பு பின்னாலிருந்த மண்ணை எல்லாம் தோண்டியெடுத்து, இரண்டரை கியூப் மெட்டல் இறக்கி நிரப்பினோம். சுவரைக் கட்ட ஆன செலவில் பாதி, அதைச் சரிசெய்யவும் ஆனது.

கராஜின் அளவைத் தீர்மானிப்பது எளிதாக முடிந்தது. மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி 1 அங்குலம்; அன்றாட ஓட்டத்துக்கு வைத்திருக்கும் வேகன்ஆர் அதைவிடவும் குட்டி. கதவை முழுவதும் திறக்க இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்றடி, முன்னால் வேலை மேசைக்கு நான்கடி என்று கூட்டினால் மைனருக்குப் 11 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்ட அறையே தாராளம். வேகன்ஆர் பக்கத்திலேயே, கூரை மட்டும் உள்ள திறந்த இடத்தில் நிற்கும்.

லிப்ட் ஆசையை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. இரண்டு தூண் லிப்டுக்குப் பன்னிரண்டடி அளவில் உயரமும், தூண்களின் ஆணிகள் பிடித்துக்கொள்ளத் தடித்த கொங்கிரீட்டும் வேண்டும். என் தரையிலோ பாதி, வெட்டியெடுத்த கெட்டி மண். மறுபாதி, நிரப்பிய மண். இரண்டும் ஒரே அளவாக இறங்காது. ஒரு தூண் கால் அங்குலம் இறங்கினாலும் அதன் கீழே படுத்திருக்கப் போகிறவன் நான். அடுத்து யோசித்தது குழி. மலையில் தோண்டும் குழி மழைக்காலத்தில் கிணறாகிவிடும்; அத்தோடு பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் தோட்டத்து லொறிகளைச் சேர்விஸ் செய்யும் பழைய கல் மேடை நினைவுக்கு வந்தது: இரண்டு கற்சுவர்கள், நடுவே ஆள் நடக்கும் வழி, லொறி அதன்மேல் ஏறி நிற்கும். அதையே என் சரிவுக்குப் பொருத்தினோம். தரையின் நடுவே இரண்டரை அடி அகலத்தில் ஒரு வழி. அதன் கீழ்முனை மூடிய சுவராக முடியாமல், சரிவின் பக்கமாக ஒரு வாசலாகத் திறக்கிறது. தண்ணீர் தேங்குவதில்லை, ஆவி தங்குவதில்லை, நானும் ஏணியில் இறங்காமல் வெளியிலிருந்து நடந்தே வண்டிக்குக் கீழே போய்விடுகிறேன். வேலையில்லாத நாட்களில் மேலே தடித்த பலகைகள் கிடக்கும். சமதரையில் இருக்கும் கொழும்பு நண்பர்கள் பொறாமைப்படும் ஒரே விடயம் இதுதான். சரிவு எனக்குக் கொடுத்த ஒரே சலுகையும் இதுதான்.

தரைக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் ஐந்தங்குலக் கொங்கிரீட் போட்டு, வாசலை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு கொடுத்தோம். மின்னும் எபொக்சி பூச வேண்டும் என்ற ஆசை அப்போதும் போகவில்லை. 28 நாள் ஆறவிட்ட பிறகு, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். மறுநாள் அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஈரம் மேலேறும் தரையில் எபொக்சி பூசினால் அப்பளம் போலக் கிளம்பும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் சற்று நீர் இருந்தது, ஆசையை விட்டுவிட்டேன். நுழைவுச் சரிவில் மட்டும், சீமெந்து இறுகுவதற்கு முன் தும்புத்தடியால் குறுக்கே கோடிழுத்து விட்டோம். ஈரத்தில் டயர் வழுக்காமல் இருக்க இதைவிட மலிவான வழியை நான் இன்னும் காணவில்லை.

கூரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெறுந்தகரம் இரவில் குளிர்ந்து விடியலில் வியர்த்துச் சொட்டும் என்பது லயத்தில் படுத்துறங்கிய எவருக்கும் தெரியும். தகட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்படலமும், அதற்குக் கீழே பலகைக் கூரையடைப்பும் வைத்ததில் சொட்டுவது நின்றது. மழைச் சத்தமும் பாதியாகக் குறைந்ததில் மட்டும் எனக்குச் சற்று வருத்தம்.

இனி அந்த மூன்றாவது தண்ணீர். சுவரும் தரையும் கூரையும் காய்ந்திருந்தும் முதல் மழைக்காலத்தில் மைனரின் குரோம் பம்பரில் காலை பத்து மணியளவில் பனி படர்ந்தது. காற்றோட்டம் போதவில்லை என்று நினைத்து, யன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன்; இன்னும் மோசமானது. அப்பா நாற்பது ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். பம்பரை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, "மழ நாள்ல கொழுந்து வாட்டுறதுக்கு வெளிக்காத்த அப்பிடியே உள்ள உடுவமா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது.

கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழ் காய்ந்திருக்கும், மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதானால் காற்று தாகத்தோடு இருக்கிறது, கொழுந்தின் ஈரத்தைக் குடிக்கும். வித்தியாசம் சுருங்கினால் விசிறியை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பயனில்லை. சூடான காற்றைக் கலந்தே ஆக வேண்டும். கார் விடயத்திலும் இதே கணக்குத்தான். 15 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்து நிற்கும் மூடுபனிக் காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் அகற்றாமலே அதன் ஈரப்பதன் ஏறக்குறைய 73 வீதமாக இறங்கிவிடும். ஏறத்தாழ 60 வீதத்துக்கு மேலே போகப் போகத்தான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகட்டின்மேல் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று பட்டால் அது தகட்டிலேயே நீராகிப் படியும். பத்து மணிப் பனியின் இரகசியம் இதுதான். நான் யன்னலைத் திறந்து அதற்கு விருந்து வைத்திருக்கிறேன்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று பார்த்தேன். கம்பிரசர் வைத்த சாதாரண வகை, எங்கள் ஊர் இரவுக் குளிரில் தன் குழாயிலேயே பனி உறைந்து திணறும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, முழுவதும் மூடப்பட்ட 100 வாற் குழாய்ச் சூடேற்றிகள் இரண்டைச் சுவரின் அடியில் பொருத்தினேன். பெற்றோல் வண்டி நிற்கும் அறையில் சிவந்து எரியும் கம்பிச் சூடேற்றியை ஒருபோதும் வைக்கக் கூடாது. மழை மாதங்களில் மாலை தொடங்கிக் காலை வரை பன்னிரண்டு மணி நேரம் அவை ஓடும்; மாதத்துக்கு 72 அலகு. அறை ஐந்து பாகை சூடாவதெல்லாம் இல்லை, இரண்டோ மூன்றோதான். ஆனால் தகடு காற்றைவிடக் குளிராமல் இருப்பதற்கு அது போதும். மின்பட்டியலைப் பார்த்த மனைவி, "காருக்கு ஹீட்டர், நமக்குக் கம்பளியா?" என்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகளை அப்பாவே தொங்கவிட்டிருக்கிறார். வெளியே வித்தியாசம் மூன்று பாகையைத் தாண்டினால் யன்னல் திறக்கும். மூடுபனி இறங்கினால் அடைத்துவிடுவார். வண்டியை இப்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்துத்தான் நிறுத்துகிறேன். வண்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியே இருந்ததில்லை.

அலங்காரத்துக்கு மிஞ்சிய பணம் சொற்பம். வேலை மேசை சவுக்குப் பலகை. நம் மலையில் நிழலுக்கு நட்ட கிரெவிலியாவைத்தான் நாம் சவுக்கு என்கிறோம். தமிழ்நாட்டார் சொல்லும் சவுக்கு வேறு மரம். மேசைக்கு மேலே ஒரு கரும்பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பெனரின் வடிவத்தையும் வெள்ளைப் பெயின்டால் வரைந்து, அதற்குரிய இடத்தில் ஆணி அடித்திருக்கிறோம். அப்பாவின் தொழிற்சாலையில் இப்படித்தான் இருந்தது. மாலையில் ஒரு வெள்ளை வடிவம் வெறுமையாகத் தெரிந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஆனால் அவருடைய ஸ்பெனர்களில் பெரும்பாலானவை மைனருக்குப் பொருந்தவில்லை. கொழுந்தை உருட்டும் பழைய ஆங்கிலேய இயந்திரங்களுக்கு விட்வர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுகள். அவற்றில் பொறித்திருக்கும் எண் ஆணியின் தடிப்பைக் குறிக்கும். மைனருக்கு வேண்டியவை அரை அங்குலம், பதினாறில் ஒன்பது அங்குலம் என்று தலையின் அகலத்தை அளக்கும் வகை. வேகன்ஆருக்கோ 10, 12, 14 மில்லிமீற்றர். அவசரத்தில் ஒன்றை மாற்றி எடுத்து இரண்டு நட்டுகளின் மூலைகளை வழுவழுப்பாக்கிய பிறகு, பிடிகளுக்கு நிறம் பூசினேன்: விட்வர்த்துக்கு வெள்ளை, அங்குலத்துக்குச் சிவப்பு, மில்லிமீற்றருக்கு நீலம். வெள்ளை வரிசை பெரும்பாலும் சும்மாவே தொங்குகிறது. அதை எடுத்துவிடலாமா என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

உதிரிப்பாகங்களுக்கு, தகர விளிம்பு அடித்த பழைய தேயிலைப் பெட்டிகள் ஆறு. கடதாசிச் சாக்குகள் வந்த பிறகு தொழிற்சாலையில் கழித்துவிட்டதை அப்பா எப்போதோ வாங்கி வைத்திருந்தார். தேயிலைக்குள் ஈரம் புகாமல் இருக்க அவற்றின் உட்புறத்தில் உலோகத்தாள் ஒட்டியிருக்கும். பெற்றரி முனைகளையும் கார்புரேட்டர் ஊசிகளையும் வைக்க இதைவிட நல்ல பெட்டி கடையில் கிடையாது. பெட்டிகளின் பக்கத்தில் அச்சிட்டிருந்த தேயிலைத் தரங்களின் பெயர்களை அழிக்காமல் அப்படியே விட்டேன். இப்போது எங்கள் வீட்டில் பிரேக் சாமான் பீஓபீ, மின்சாமான் டஸ்ட், இயந்திரச் சாமான் பெக்கோ. அந்த டஸ்ட் பெட்டியின் மூடியில் மட்டும் 'நேர்முனையே பூமி' என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். இந்த வண்டியில் பெற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது. உதவிக்கு வருகிற எந்த வயரிங் பாஸும் பழக்கதோஷத்தில் அதை மாற்றித்தான் கொளுவப் பார்ப்பார்.

ஓரத்தில் நான்கடிக்கு ஆறடி இடத்தை மட்டும் என் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டேன். அங்கே பங்களாக்களில் இருப்பது போலச் சிவப்புக் கட் சீமெந்துத் தரை, இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஆசைப்பட்டு மனைவியின் தடையுத்தரவால் மின்கேத்தல். சுவரில் ஒரே ஒரு படம். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டத்தைப் பார்க்க, சித்திரை சீசனில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போன வருடம் எடுத்தது. படத்தில் கார் பாதிதான் விழுந்திருக்கிறது, மீதி யாரோ ஒருவருடைய குடை.

இன்று காலை கரும்பலகையின் ஓரத்தில் அப்பா சோக்கட்டியால் எழுதியிருந்த வித்தியாசம் ஒன்றரை பாகை. யன்னல் அடைத்தே கிடந்தது. இடப்பக்கப் பின் இலைவில் கொளுவும் இடத்தில், பழைய கொட்டகையில் நின்ற காலத்துத் துரு இன்னும் இருக்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. வெட்டி ஒட்ட வேண்டிய தகடு வந்துவிட்டது, பீஓபீ பெட்டிக்குள் இருக்கிறது. வெல்டிங் பாஸ் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு டாங்கியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும்.